டிஸ்க் அறையில் சாம்பிராணி

மகன் தன் லேப்டாப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் காட்டினான். உள்ளங்கையில் அடங்குகிறது. சுற்றி மூடி, திருகு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். தூசி உள்ளே போக வழி இல்லை. அந்தக் காலத்தில் இப்படி இருந்திருந்தால் என் வேலை போயிருக்காது.

எண்பதுகளில் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை செய்தேன். தினக்கூலி. வீட்டுக்காரருக்கு மில் வேலை போன பிறகு என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. தீபாவளிக்குள் நிரந்தரம் பண்ணிவிடுகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

கம்ப்யூட்டருக்கென்று தனி அறை. டிஸ்க் பெட்டி துணி துவைக்கிற மெஷின் உயரம் இருக்கும். மூடியைத் தூக்கினால் பழுப்புத் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கம்பெனிக் கணக்கு மொத்தமும் அதில்தான் என்றார்கள். அந்த அறையில் துடைப்பம் கூடாது. ஈரத்துணி மட்டும். ஏன் என்று மெட்ராசிலிருந்து மெஷின் பார்க்க வரும் இன்ஜினியர் அடிக்கடி சொல்வார்.

"தட்டு சுத்துறப்ப படிக்கிற ஹெட்டு அதுமேல படாதும்மா. காத்துல மிதக்கும். நடுவுல தலைமுடி நுழையக்கூட எடம் கெடையாது. தூசி வுழுந்துச்சுன்னா ஹெட்டு இடிச்சி தட்டு கீறிப்போவும்."

ஆயுத பூஜை வந்தது. டைப் மெஷின், ஃபேன், பீரோ எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கம்ப்யூட்டர் அறைக்கும் சாம்பிராணி கொண்டுவரச் சொன்னார் மேனேஜர்.

"அந்த ரூமுக்குள்ள வேணுமா சார்?"

"ஏம்மா, ஃபேனுக்குப் பூஜை, அதுக்குக் கெடையாதா? கோவிச்சுக்கப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். தூபக்காலை எடுத்துப் போனேன். அவரே மூடியைத் தூக்கினார்.

"உள்ள காட்டும்மா. நல்லா காட்டு."

காட்டினேன். பூஜை போட்ட கையோடு எதையும் ஒரு தடவை ஓட்டிவிடுவது வழக்கம். தையல் மெஷினைக்கூட ஒரு சுற்று சுற்றுவோம். மூடியைச் சாத்திவிட்டு அவர் சுவிட்சைப் போட்டார்.

கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அவசரமாக அணைத்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "யாரு கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

நிரந்தரம் அவர் கையெழுத்தில் இருந்தது. தலையாட்டினேன்.

இன்ஜினியர் வந்து தட்டைக் கழற்றிப் பார்த்தார். வட்டமாகக் கீறல்.

"இதுக்குள்ள பொகை காட்டுனது யாரு?"

"கூட்டுற அம்மாதான். படிக்காதவங்க. தெரியாம கொண்டாந்துட்டாங்க" என்றார் மேனேஜர்.

நான் அங்கேதான் நின்றேன். பூஜையில் சிரித்தவர்களும் நின்றார்கள். இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்ககிட்டதானேம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். லாஸ்பேட்டையில் மேனேஜர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை.

"நீங்கதானே சார் பாத்துக்கறேன்னீங்க."

"ஒனக்கு என்னம்மா, எங்க போனாலும் தொடைக்கிற வேலை கெடைக்கும். எனக்கு இது போனா நான் எங்க போவேன்?"

கேட்டைச் சாத்திக்கொண்டார். முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

அவர் சொன்னது பொய் இல்லை. துடைக்கிற வேலை கிடைத்தது. இடுப்பு விட்டுப்போகிற வரைக்கும் அதுதான் கிடைத்தது. எல்லாம் தினக்கூலி.