அண்ணி விற்ற சிக்னல்

லாபம் வரும் வழி கையில் இருந்தால் அதை யாராவது ஊருக்கு விற்பார்களா? என் அண்ணியிடம் இதைக் கேட்காத ஆள் இல்லை. முதலில் கேட்டவள் நான்தான். நாத்தனாருக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

அண்ணி ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் பன்னிரண்டு வருஷம் ஊசி பிடித்தவர். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. வேலையில் இருந்துகொண்டே, ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே ஒரு மடக்கு மேஜையைப் போட்டுப் பங்குச் சந்தையைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று வருஷம் ஏற்ற இறக்கத்தை எல்லாம் லேப் ரிப்போர்ட் மாதிரி எழுதிவைத்து, தனக்கென்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பத்துத் தடவை வாங்கினால் ஆறு தடவை சின்ன நஷ்டம், நாலு தடவை பெரிய லாபம். சின்னக் கம்பெனிப் பங்குகளில்தான் அது பலித்தது.

நான் கேட்டதற்கு அண்ணி கோபப்படவில்லை. "லாபம் வருது. ஆனா நான் போட்டிருக்கிறது கொஞ்சம். அதுலயும் லாபம் எப்ப வரும்னு சொல்ல முடியாது. வாடகை மட்டும் ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துடுதே" என்றார். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்வதற்கு ஆட்களிடம் மாதச் சந்தா வாங்கி, அதை வைத்து வீட்டை ஓட்ட வேண்டும், மிச்சத்தை முதலாகச் சேர்க்க வேண்டும், இனி லேப் வாசலை மிதிக்கக் கூடாது. இதுதான் அவர் வைராக்கியம். வேலையை விட்டார். சந்தா கட்டிய முதல் ஆள் நான். தொடர்ந்து நாலு நஷ்டம் வந்ததும் விட்டு ஓடிய முதல் ஆளும் நான்தான். ஐந்தாவதில் பெரிய லாபம் வந்தது. என் பொறுமையின் லட்சணம் அப்படி.

அண்ணி அசையவில்லை. காலையில் சந்தை திறந்ததும் வாங்க வேண்டிய பங்கின் பெயரைச் சந்தா கட்டியவர்களின் குழுவுக்கு ஃபோனில் அனுப்புவார். அதற்குப் பெயர்தான் சிக்னல். எல்லாருக்கும் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாகத்தான் தான் வாங்குவார். பரிமாறுகிறவள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பார்.

குழுவில் அறுபது பேர் சேர்ந்தபோது வந்தது வினை. சின்னக் கம்பெனிப் பங்கை ஒரே நிமிஷத்தில் அறுபது பேர் வாங்கப் பாய்ந்தால் விலை சும்மா இருக்குமா? எகிறியது. அண்ணிக்குக் கிடைத்தது உச்சி விலை. கொஞ்சம் தாமதமாக வாங்கியவர்களுக்கும் அதே கதி. முறையை விற்கப்போய், அந்த விற்பனையே முறையைத் தின்றது.

சந்தா கட்டியவர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து வழி சொன்னார். அண்ணி பத்து நிமிஷம் முன்னால் வாங்கிவைத்துக்கொண்டு குழுவுக்குச் சொல்ல வேண்டும். கூட்டம் விலையை ஏற்றும்போது, வாங்கியதை அவர்கள் தலையிலேயே கட்டிவிடலாம். யோசனை சொன்னதற்குக் கூலியாகத் தன் காதிலும் முன்கூட்டியே போட்டால் போதுமாம். அண்ணனுக்குச் சபலம் தட்டியது. ஆறே மாதத்தில் முதல் சேர்ந்துவிடும் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் நாக்கில் எச்சில் ஊறியது.

"அப்படிப் பண்ணா, என்னை நம்பினவங்களைத்தான் நான் வித்துத் தின்னணும்" என்றார் அண்ணி. மருந்துக்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கே அண்ணி குழுவை மூடினார். மீதி நாட்களுக்கான சந்தாவை ஒருத்தர் விடாமல் திருப்பி அனுப்பினார். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அண்ணி லேப்புக்குப் போய், காலையில் சந்தையைப் பார்க்கத் தோதாக மத்தியான ஷிப்ட் கேட்டார். கோட்டையைப் பிடித்தாயிற்றா என்று முதலாளி குத்தினாராம். அண்ணி கையுறையை மாட்டிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனைக்காக நானே அங்கே போனேன். அந்தக் காலோடு அவர் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இவ்வளவு பாடுபட்டு என்ன அண்ணி மிஞ்சிச்சு?"

அண்ணி என் கையில் பஞ்சை வைத்து அழுத்தினார்.

"இப்ப நான் யாருக்கும் சொல்றதில்ல. அதனால பங்கு கேட்ட விலைக்கே கிடைக்குது. சம்பளத்துல பாதியை மாசாமாசம் அதுல போடறேன். ஆறு மாசம் இல்ல, முதல் சேர முப்பது வருஷம் ஆகட்டும். கையை மடக்கிப் பிடி. போறப்ப அடுத்த ஆளை உள்ள வரச் சொல்லு."