இரண்டாம் பக்கத்துக் கடல்

செம்பூரில் மகள் வீட்டுப் பெரிய திரையில், கதை சொல்லும் வீடியோ விளையாட்டுகளை அவ்வப்போது பார்க்கிறேன். ஒவ்வொரு புல்லும் தனியே அசைகிறது. கடலில் வெயில் உடைந்து மினுங்குகிறது. ஓவியர்களின் உழைப்பை மறுக்கமாட்டேன். ஆயினும் பார்ப்பவருக்கென்று அவர்கள் எதையும் மிச்சம் வைப்பதில்லை. கல்லூரியில் இலக்கியம் கற்பித்த ஒருத்தி இவற்றைப் பற்றியெல்லாம் கருத்துரைக்கலாமா என்று முகம் சுளிப்போர் உண்டு. அந்தத் தகுதி எனக்குப் பதினோரு வயதிலேயே வாய்த்துவிட்டது.

மாதுங்காவில் எங்கள் இரண்டறை வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தி. அப்பாவின் தம்பியான சித்தப்பா, மணமான இருபதாம் நாளே மஸ்கட்டுக்கு வேலைக்குத் திரும்பியவர். அடுத்த விடுப்பில் வந்தபோது, வகுப்பில் முதலாவதாக வந்த எனக்காகச் சிறு கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் தொலைக்காட்சியோடும் டேப் ரெக்கார்டரோடும் இணைக்க வேண்டும். கேசட்டில் வெறும் கீச்சொலியாக இருப்பது, ஐந்து நிமிடத்தில் திரையில் கதையாக விரியும்.

அந்தக் கதையில் ஒரு பெண், ஆளற்ற தீவின் கலங்கரை விளக்கத்தில் தனியே இருப்பாள். 'வடக்கே போ', 'கதவைத் திற' என்று ஆங்கிலத்தில் இரண்டிரண்டு சொற்களாகத் தட்டச்சு செய்தால் நடப்பாள். அறைக்கு அறை படம் உண்டு. கருந்திரையில் ஒரு வெள்ளைக் கோடு தயங்கித் தயங்கி வரும், சாளரமாகும். சாளரத்துக்கு அப்பால் படுத்தவாறு இன்னொரு கோடு. அதன்கீழ் நீலம் மெல்ல வழிந்து நிறையும்போது, மே மாத வெக்கையில் திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் என் பாதங்கள் குளிரும். மொத்தம் எட்டே நிறங்கள். அலை கிடையாது. அலையை நான்தான் போட்டுக்கொண்டேன். அம்மாவின் குரல் தீவின் மறுகரையிலிருந்து கேட்கும்.

"பந்த் பண்ணுடி அந்த மிஷினை! கண்ணு ரெண்டும் வெந்து போயிடும்."

அணைக்குமுன் விட்ட இடத்தைக் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் மறுநாள் அவள் மீண்டும் கரையிலிருந்தே தொடங்குவாள். என்னிடமோ வெற்றுக் கேசட் இல்லை.

சித்தப்பா கடிதம் எழுதமாட்டார். கேசட்டில் பேசி, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவார்; கணவன் வளைகுடாவில் இருந்த வீடுகளில் அன்று அதுவே வழக்கம். வந்த அன்றே எல்லோரும் கூடத்தில் அமர்ந்து கேட்போம். அப்பாவுக்கு நமஸ்காரம், அம்மாவின் ஊறுகாய்க்குப் பாராட்டு, எனக்கு அறிவுரை. ஒரு பக்கம் முடிந்ததும் அப்பா பெட்டியை அணைத்துவிடுவார். மறுபக்கத்தை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே அது காலி என்று முடிவு செய்தேன். அது சித்திக்கு மட்டும் உரிய பக்கம் என்பதையோ, அந்தக் குரலைக் கேட்க அவள் வீடு ஒழியும் வேளைக்காகக் காத்திருப்பாள் என்பதையோ யாரும் எனக்குச் சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்? அம்முறை வந்த கேசட்டின் மறுபக்கத்தில், நாளுக்கொன்றாக ஆறு நாள், நாடாவின் கடைசி வரை என் தீவைப் பதிந்தேன்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகச் சுனாபட்டிக்குப் போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் சித்தி முகம் கழுவி, தலை வாரிப் பொட்டிட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒரு அரைமணி டேப்பைக் குடுடி கண்ணு."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து கீச்சொலி வந்தது. நின்றது. சற்றுத் தள்ளி ஓட்டிப் போட்டாள், அதே கீச்சொலி. இன்னும் தள்ளி, மீண்டும் அதே. பலமுறைக்குப் பின் கதவு திறந்தது.

"இதுல என்னடி பண்ணினே?"

"கேமை சேவ் பண்ணினேன் சித்தி. காலிப் பக்கம்தானே?"

கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "முன்னாடி இருந்தது திரும்பி வருமா?" என்றாள்.

"வராது. மேல பதிஞ்சா பழசு அழிஞ்சுடும்" என்று வகுப்பில் விடை சொல்லும் குரலில் விளக்கினேன். "ஏன் சித்தி, ஏதாவது இருந்துதா?"

"ஒண்ணுமில்லே. காலிதான்." கேசட்டை என்னிடம் நீட்டினாள். "என்ன பதிஞ்சிருக்கே, காமி."

கோடுகள் வந்தன, சாளரம் வந்தது. சித்தி தரையில் என் பக்கத்தில் அமர்ந்து, நீலம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ யாருக்காகக் காத்திண்டிருக்கா?"

"யாருக்காகவும் இல்லே. விளக்குக்கு எண்ணெய் தேடணும். கெடைச்சா இருபது பாயிண்ட்."

"'என்ன சொன்னேள்'னு அவளைக் கேக்கச் சொல்லு."

"யார்கிட்ட? இதுக்கு ரெண்டு வார்த்தைதான் புரியும் சித்தி."

"அது ரெண்டு வார்த்தைதானேடி."

ஆங்கில எழுத்துகளில் அடித்தேன். புரியவில்லை, வேறு விதமாகச் சொல் என்றது கணினி. சித்தி சிரித்தாள். மறுபடி அடிக்கச் சொன்னாள். அதே பதில். கடல் அசையாமல் நின்றது. வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அதையே திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னாள்.

அன்று மாலை அம்மாவிடம், சித்திக்கும் இந்த விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டதென்றும், விதிகள்தாம் இன்னும் பிடிபடவில்லையென்றும் பெருமையோடு சொன்னேன்.