கல்யாணம் பார்க்காத அக்கா

எங்கள் ஊர் ஆறு அழகாக இருப்பது என் அக்கா செய்த குற்றமா? இதை நான் சொந்தக்காரர்களிடம் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறு ஊரை வளைத்துக்கொண்டு போகிறது. இரண்டு கரையிலும் மரங்கள், நடுவே ஒரு தீவு, தூரத்தில் பழைய கல் பாலம். அதனால் எந்த மூலையில் இருக்கும் உறவுக்காரனும் கல்யாணம் என்றால் இங்கேதான் மண்டபம் பிடிப்பான். பிடித்த கையோடு அக்காவுக்குப் போன் வரும்.

"நம்ம ஆளுங்க நாப்பது பேர் வராங்க. எங்க போகலாம், எதைப் பாக்கலாம்னு கொஞ்சம் சொல்லிடேன்."

சொன்னால் போதும் என்பார்கள். வந்து இறங்கியதும் "நீயே கூட வந்துடு" என்பார்கள்.

அக்காவுக்குப் படகுத்துறையில்தான் வேலை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அறை. உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும். ஊரார் எல்லாம் ஆற்றைப் பார்க்கப் போவதை அவள் வருஷம் முழுக்க அந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். கல்யாணத்துக்கென்று லீவு போட்டு என்ன புண்ணியம்? பின்னால் ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு திரும்ப அதே துறையில்தான் வந்து நிற்பாள்.

எங்கே நின்றால் பாலம் முழுசாகத் தெரியும், படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, எந்தக் கடையில் தொப்பி வாங்கினால் மொட்டை அடித்துவிடுவார்கள் என்று எல்லாம் சொல்வாள். யார் வீட்டுக் குழந்தைக்கோ வாந்தி வந்தால் பையை நீட்டுவாள். எல்லார் போனையும் வாங்கி, எல்லாரையும் ஆற்றோடு சேர்த்துப் படம் எடுத்துக் கொடுப்பாள். அவளை யாராவது ஒரு படம் எடுத்தார்களா? கேட்காதீர்கள், வயிறு எரிகிறது.

என் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரம் மாற்றும்போது கூட்டத்தில் அக்காவைத் தேடினேன். அவள் என் மாமியாரின் தங்கைகளோடு நடு ஆற்றில் இருந்தாள். நாற்காலிகளை மடித்து அடுக்கும்போது மூச்சிரைக்க ஓடி வந்து, "எல்லாம் நல்லபடியா நடந்துச்சாடி?" என்றாள். எங்கள் குடும்பத்து ஆல்பங்களை எல்லாம் புரட்டிப் பாருங்கள். யார் யாரோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அக்கா மட்டும் இருக்க மாட்டாள். சொந்தத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'கைடு'. அதைச் சொல்லிச் சிரிக்கிற கன்னங்களைக் கண்டாலே எனக்குக் கை துறுதுறுக்கும்.

போன மாதம் அக்காவின் ஒரே மகளுக்குக் கல்யாணம். எதையும் வாய்விட்டுக் கேட்காதவள், முந்தின நாள் என்னிடம் கேட்டாள்.

"நாளைக்கு எம் பக்கத்துலயே உக்காந்துக்கடி. யார் கூப்பிட்டாலும் என்னை எந்திரிக்க விடாத. இவ கல்யாணத்தையாவது நான் கண்ணால பாக்கணும்."

முன் வரிசையில் என் கைப்பையைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்தேன். மோதிரம் மாற்ற இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா தன் படை பரிவாரத்தோடு வந்து நின்றார்.

"சம்பந்தி, எங்களுக்கு மத்தியானம் ரயில். ஆத்தைப் பாக்காம போனா இவ்வளவு தூரம் வந்ததுக்கே அர்த்தமில்ல. ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்களேன்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இப்ப கல்யாணம் நடக்கப் போகுதுங்களே!"

"அதான் வீடியோ எடுக்கறாங்களேம்மா. அப்புறம் பாத்துக்கலாம். ஆறு வீடியோவுல அவ்வளவு நல்லா இருக்காது."

ரத்தம் கொதிப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெண்ணைப் பெற்ற அத்தானாவது பேச வேண்டாமா? அவர் முதுகெலும்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"போயிட்டு வந்துடேன்மா. துறை இங்க பக்கத்துலதானே" என்றார் அக்காவிடம்.

"நீங்க கூட்டிட்டுப் போங்களேன் அத்தான்!"

"எனக்கு அந்த இடமெல்லாம் என்ன தெரியும்?"

பிறந்ததிலிருந்து இதே ஊரில் குப்பை கொட்டும் மனுஷன்! நான் அவருக்குப் பதில் சொல்வதற்குள் அக்கா காலால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். புடவையைப் பிடித்து இழுத்தேன். "விடுடி" என்று உதறிவிட்டு அவர்களோடு கிளம்பிவிட்டாள்.

எனக்கு அழுகை முட்டியது. பெரியப்பாவைவிட அக்கா மேல்தான் ஆத்திரம் அதிகம். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? மேடையிலிருந்து அவள் மகள் என்னைப் பார்த்து, "அம்மா எங்க சித்தி?" என்று உதட்டை அசைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மோதிரப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது. அக்காதான். புதுப் புடவையின் ஓரமெல்லாம் சேறு, கொண்டை அவிழ்ந்து தொங்குகிறது, ஒரு காலில் செருப்பைக் காணோம். என் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அத்தான் பதறிப்போய்க் குனிந்தார். "அவங்கல்லாம் எங்க?"

"ஆத்துல."

"ஆத்துலன்னா?"

"படகுல ஏத்தி விட்டுட்டேன். வெயில் படாத பக்கமாப் பாத்து உக்கார வெச்சேன். தீவைச் சுத்திட்டுத்தான் திரும்பும். நடுவுல எங்கயும் நிக்காது."

"நீ?"

"நான் ஏறல. கொஞ்சம் நகருங்க, மறைக்குது."

மகள் மோதிரம் போட்டதை அக்கா பார்த்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மோதிரத்தைக் கவனிக்கவில்லை.

பெரியப்பா ஆற்றையும் பார்த்தார், ரயிலையும் பிடித்தார். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ரயிலிலிருந்து அத்தானுக்கு ஒரு படம் அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: 'எங்களை அம்போன்னு விட்டுட்டு உங்க வீட்டம்மா ஓடுற அழகைப் பாருங்க.'

படகிலிருந்து எடுத்த படம். கல் பாலம் முழுசாகத் தெரிகிறது. துறைப் பலகைகளின் மேல், புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி ஓடுகிறாள் அக்கா. ஒற்றைச் செருப்பு பின்னால் கிடக்கிறது.

மானம் போச்சு என்று அத்தான் அதை அழிக்கப் பார்த்தார். போனைப் பிடுங்கினேன். இத்தனை வருஷத்தில் அக்காவை ஆற்றோடு சேர்த்து எடுத்த ஒரே படம் அதுதான். பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, அக்கா வீட்டுக் கூடத்தில் வாசலுக்கு நேராக மாட்டிவிட்டேன். ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும்.