கூப்பிடாமல் வைத்த மீன்

காரைக்கால்மேட்டில் கடலுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னால் கூப்பிட்டுக்கொண்டுதான் போவார்கள். படகை ஓட்டுகிறவர் முதலில் எழுந்து காற்றைப் பார்த்துவிட்டு, கூட வருகிற ஒவ்வொருவர் வாசலிலும் நின்று குரல் கொடுப்பார். எங்கள் படகை ஓட்டியது என் அண்ணன். "மாப்ள, காத்து அடங்கிருக்கு, வாங்க" என்பான். என் புருஷன் உள்ளேயிருந்தே "தோ வந்துட்டேன் மச்சான்" என்று லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடுவார். அந்த அவசரத்தில் எத்தனையோ நாள் இருட்டில் என் காலை மிதித்திருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கு வந்து மிதித்தால் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒன்று என்று ஃபைபர் படகு கொடுத்தார்கள். எங்கள் படகில் அண்ணன், என் புருஷன், பக்கத்துத் தெருப் பங்காளிகள் இருவர். படகு நால்வருக்கும் சொந்தம், பிடிக்கிற மீனில் நால்வருக்கும் சம பங்கு. நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என் புருஷனுக்கு விடாமல் காய்ச்சல் வந்து உடம்பு உருகிப்போக, டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தோம். அவருக்கும் எனக்கும், இருவருக்குமே எச்.ஐ.வி. இருந்தது. என்னைவிட அவருக்குத்தான் முற்றியிருந்தது.

அவருக்கு அது எப்படி வந்தது என்று இப்போதும் இழுத்து இழுத்துக் கேட்கிறவர்கள் உண்டு. அது எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை. போட்டு முடித்தாயிற்று. உங்களுக்கு என்ன வந்தது?

ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் அண்ணன் வந்தான், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "மாப்ள, நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க. கடலுக்கு வர வேணாம். ஒங்க பங்கு வீடு தேடி வந்துரும்" என்றான். என் அண்ணனைப் போல யாருக்கு வாய்க்கும் என்று அன்று இரவு பெருமைப்பட்டுக்கொண்டேன். நல்ல பெருமை!

மறுநாள் காலையில் வாசலைத் திறந்தால் மீன் கூடை இருந்தது. சங்கராவும் நாலு நண்டும். கொண்டுவந்தவர்கள் குரல் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். கடலில் ஓர் ஆள் போய்விட்டால், அவன் வீட்டுக்குக் கொஞ்ச காலம் பங்கு வைப்பார்கள். அந்தப் பங்கைக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் குரல் கொடுத்து, இருக்கிறவர்களை அழவைக்கக் கூடாது என்று சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ வாசலில் அப்படி வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவரும் எழுந்து வந்து கூடையைப் பார்த்தார். "நான் இருக்கேன்ல?" என்று என்னைக் கேட்டார். அன்று அந்த மீனை அவர் தொடவில்லை.

எனக்கு வந்ததே கோபம். கூடையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் அவன் காலடியில் வைத்தேன்.

"உசுரோட இருக்குறவருக்கு செத்தவன் பங்கு வைக்கிறியா அண்ணே?"

"கத்தாத. யாரும் ஒன்ன பட்டினி போடலயே. மீனு வருதுல்ல?"

"மீனா கேட்டோம்? கடலுக்குக் கூட்டிட்டுப் போ."

"வலை அறுத்துக் கையில ரத்தம் வராத நாளு உண்டா? ஒரே சட்டியில சோறு, ஒரே கேன்ல தண்ணி. மத்த ரெண்டு பேரும் பயப்படுறாங்க."

"சோத்துல ஒட்டாது, தண்ணியில ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாங்க. கை அறுத்தா துணிய வச்சுக் கட்டிக்கச் சொன்னாங்க."

"டாக்டரா கடலுக்கு வர்றாங்க?" என்றான். கூடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மாத்திரை ஆரம்பித்தோம். மெல்ல மெல்ல அவருக்குச் சதை பிடித்தது. ஆனால் விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடும். கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணன் பக்கத்துத் தெருவில் மற்ற இருவரையும் கூப்பிடுவது கேட்கும். எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் செருப்புச் சத்தம் வேகமாகும். "வாடைக்காத்து. இன்னிக்கு வடக்க போனா கானாங்கெளுத்தி கெடைக்கும்" என்று இவர் என்னிடம் சொல்வார். எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? சரிங்க, சரிங்க என்பேன். அவர் முன்னால் அழ மாட்டேன். அழுதால் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அதைத் தாங்க முடியாது.

தை பிறந்து கடல் தெளிந்த ஒரு காலையில் அவர் யாரும் கூப்பிடாமலே சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். போய்ச் சட்டியைப் படகுக்குள் வைத்துவிட்டு, படகில் கை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணனும் பங்காளிகளும் வந்தார்கள். இவரைப் பார்த்ததும் பங்காளிகள் இருவரும் மணலிலேயே நின்றுவிட்டார்கள். "எனக்கும் இதுல பங்கு இருக்கு. மீனுல இல்ல, படகுல. நான் போறேன். வர்றவங்க வாங்க" என்று சொல்லித் தோளைக் கொடுத்துத் தள்ளினார். படகு அசையவில்லை. மற்ற நாளில் பக்கத்துப் படகுக்காரர்கள் கேட்காமலே வந்து கை கொடுப்பார்கள். அன்று எல்லோருக்கும் வலையில் வேலை இருந்தது.

நான் போய் அவர் பக்கத்தில் தோள் கொடுத்தேன்.

"ஏம்மா, பொம்பள படகத் தொடாத!" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"அவர் தொட்டா நோயி, நான் தொட்டா தீட்டு. அப்ப நீங்க வந்து தள்ளுங்களேன்!" என்றேன். யாரும் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "தள்ளிப் போ புள்ள, கால்ல ஏறிரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் வந்து தோளை வைத்தான். அலை படகின் மூக்கைத் தொடுகிற நேரம், அதனால் மூன்று பேரால் முடிந்தது. அவர் தாவி ஏறியதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அண்ணன் மட்டும் கூடப் போனான், பங்காளிகள் ஏறவில்லை. மத்தியானம் இருவரும் திரும்பினார்கள். மீன் சுமார்தான். வீட்டுக்கு வந்ததும் சோற்றுச் சட்டியைத் திறந்து பார்த்தேன். பாதி அப்படியே இருந்தது.

"அண்ணன் சாப்புடலயா?"

"பசிக்கலன்னுட்டாரு. காலையிலேர்ந்து வெறும் வயித்தோட வலை இழுத்தாரு, பாவம்" என்றார். கோபமே இல்லை அவருக்கு. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு மச்சானுக்குத் தனியா ஒரு தூக்குல போட்டுக் குடு. பட்டினியா வர்றாருன்னா எனக்குச் சங்கடமா இருக்கு."

சண்டை போட்டிருக்கலாம். கடலுக்குப் போய்விட்டு வந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போடுவது? மறுநாள் ஒரே உலையில் வடித்து, ஒரே குழம்பை ஊற்றி, இரண்டு பாத்திரத்தில் கட்டிக் கொடுத்தேன். எனக்கும் அதே நோய் என்று அண்ணனுக்குத் தெரியும். என் கையால் பிசைந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்று, தூக்கைக் கழுவிக் கொடுத்தனுப்பியிருந்தான்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தங்கச்சி சோறு எறங்கிருச்சு பாத்தியா. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும், என் சட்டியிலயும் கை வைப்பாரு" என்றார்.

தினமும் வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு வச்சாரா?" என்று நான்தான் கேட்பேன். "இன்னும் இல்ல. வைப்பாரு" என்பார். அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சைப் பிடித்து அவர் போகிற வரைக்கும் இரண்டு பாத்திரத்தில்தான் கட்டிக் கொடுத்தேன்.