சனிக்கிழமை மாத்திரை

இடுப்பு மூட்டு மாற்றினவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையில், நோயாளி கத்தினால் பயமில்லை, சிரித்தால்தான் பயம். சித்தூர்ப் பக்கம் என்னைப் போல வீடு வீடாகப் போகிறவர்களுக்கு இது தெரியும். எனக்குத் தெரியத்தான் லேட்டாகிவிட்டது.

விழுந்தால் யார் தூக்குவது?

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு வந்த குடிபாலா கன்னியம்மா பெரிம்மாவுக்கு ஒரே ஆசை, திருமலையில் சாமி முன்னால் சொந்தக் காலில் நிற்க வேண்டும். காலையில் சாப்பாடு, வலி மாத்திரை, அரை மணி கழித்து வாக்கர் பிடித்து நடை. இதுதான் டாக்டர் சொன்ன வரிசை. "எம் பொண்ணு இப்பத்தான் நடை பழகினா, நீங்களும் பழகிடுவீங்க" என்றேன்.

"உம் பொண்ணு விழுந்தா அதுவே எழுந்துக்கும். நான் விழுந்தா தெருவே வந்து தூக்கணும்மே!"

ஒருபொழுது

சனிக்கிழமை பெரிம்மா பெருமாளுக்கு ஒருபொழுது இருப்பார். பகலில் பழம், பால் உண்டு, சோறு கிடையாது. சோறு விழாத வயிறு எங்களுக்கு வெறும் வயிறு. அதனால் மாத்திரை இல்லை, மாத்திரை இல்லாததால் நடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடை பாதியாகும், அது வலியால் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நானும் ஒருபொழுது இருக்கிறவள்தான். டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சாமி காரியத்தில் டாக்டருக்கு என்ன வேலை என்று விட்டுவிட்டேன்.

"ஒரு நாள் நடக்கலன்னா இன்னா? பெருமாள் பாத்துக்குவாரு, உடு."

இரண்டு வாழைப்பழம்

வலிக்கிறதா என்று எப்போது கேட்டாலும் பெரிம்மா சிரிப்பார். 'வலி இல்லை' என்று நோட்டில் எழுதி, கெட்டிக்காரி என்று மெச்சுவேன். திருப்பதியில் டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டுக் காலை லேசாகத் தூக்கினார். பெரிம்மா போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சனிக்கிழமை கதையைச் சொன்னேன். "ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டு மாத்திரை போட்டிருக்கலாமேம்மா, ஏன் கேக்கல?" என்றார். திரும்பும் வழியில் பெரிம்மாவிடம், ஏன் வலியை மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ மெச்சிக்கினே கீற. வலிக்குதுன்னு எப்பிடிமே சொல்றது?"

சாமி முன்னால்

அதன்பிறகு மாத்திரை ஒரு நாளும் தப்பவில்லை. ஆனால் வலிக்குப் பயந்துபோன கால் வாக்கரை விடவில்லை. திருமலைக்குச் சக்கர நாற்காலியில்தான் போனார். தள்ளிக்கொண்டு போனது நான். வெளியே வந்ததும், "நல்லா பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான் சாமிய பாத்துட்டேன்மே. நான் நிக்கறத சாமிதான் பாக்கல."

இப்போதெல்லாம் புது வீட்டுக்குப் போனால் வலி எப்படி இருக்கிறது என்று அப்புறம்தான் கேட்கிறேன், எந்தக் கிழமை ஒருபொழுது என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.