மாமன் கொண்டுவந்த கோடி

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு முடிகிறது. மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தருகிறோம். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது முறை. அண்ணனைப் பற்றி நல்லதைத்தான் எழுதப் போகிறேன். உயிரோடு இருப்பவர்களுக்கு அந்த முறை பொருந்தாது. ஆகவே, இன்று பந்தியில் முதல் இலையில் உட்காரப் போகிற எங்கள் தாய்மாமனைப் பற்றியும் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பண்ணைப்புரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில். ஐயா எங்கள் சின்ன வயதிலேயே இறந்துபோனார். ஆத்தா சோளக்காட்டில் பாடுபட்டு எங்கள் இருவரையும் வளர்த்தார். மண்வெட்டி பிடித்தால் இரண்டு ஆள் வேலையை அண்ணன் ஒருவரே முடித்துவிடுவார். அந்த உடம்பைப் பார்த்துத்தான் மாமாவுக்கு யோசனை பிறந்திருக்க வேண்டும்.

மாமா அப்போது அக்கரைச் சீமைக்கு ஆள் அனுப்பும் கங்காணியாக இருந்தார். தலைக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் எங்கள் ஊரில் ஒருவரும் அசையவில்லை. கடல் தாண்டுவதென்றால் பயம். அதனால் சொந்த அக்கா மகனை முதலில் கிளப்பினார். ஊர்க்கூட்டத்தில் அண்ணனின் தோளில் கைபோட்டுக்கொண்டு, “எங்க அக்கா மகன நானே அனுப்புறேன். நல்ல சீமையா இல்லாமயா அனுப்புவேன்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத்தான் ஊர் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் மூட்டை கட்டினார்கள். உறவு போல் இருந்து குளவி போல் கொட்டுவது என்பார்களே, அது இதுதான்.

கப்பலேறுமுன் ஒரு துரை ஒவ்வொருவரையும் நிறுத்தி, விருப்பத்தோடுதான் போகிறாயா என்று கேட்டாராம். ஒருவர் மறுத்திருந்தாலும் எல்லோரும் திரும்பியிருப்பார்கள். தாய்மாமன் சொன்னதை அந்நியன் முன்னால் மறுத்துப் பேச அண்ணனுக்கு வாய் வரவில்லை. “விருப்பந்தேன்” என்றார். பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

போன இடம் டெமராரா. தென் அமெரிக்காவின் ஓரத்தில் உள்ள சின்னச் சீமை. கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த பூமியாம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக்கொண்டே இருந்தால்தான் கரும்பு நிற்கும். துரையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்ட எல்லையைத் தாண்டினால் சிறை. காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை. ஒப்பந்தம் ஐந்து வருஷம். இலவசமாக ஊர் திரும்ப வேண்டுமானால் இன்னும் ஐந்து வருஷம். அதை மாமா இங்கே சொல்லவில்லை. ஆலை உருளை அண்ணனின் வலக்கை விரல்கள் இரண்டைத் தின்றது. கூடப் போனவர்கள் ஒவ்வொருவராய்க் காய்ச்சலில் போனார்கள்.

அடிமைத்தளை நீங்கிய கறுப்பர்கள் அங்கே கூலி கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்துரைகள் கூட்டித் தரவில்லை. கப்பல் கப்பலாக நம் ஆட்களை இறக்கினார்கள். “அவுக வயித்துல அடிக்கத்தேன் தம்பி நம்மளக் கொண்டுபோனாக. அது தெரியாம நாங்களும் குனிஞ்சு வெட்டுனோம்” என்று அண்ணன் சொல்லி வருந்துவார். அந்தக் கறுப்பர்கள் கூட்டுச் சேர்ந்து நிலம் வாங்கிக் கிராமம் அமைத்ததையும் வியந்து பேசுவார்.

எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் திரும்பி வந்தது அண்ணன் மட்டுமே. அதற்குள் ஆத்தாவும் காத்திருந்து கண்ணை மூடிவிட்டார். தாலியை வைத்திருப்பதா கழற்றுவதா என்று தெரியாமல் இருந்த பெண்களிடம், வீடுவீடாகப் போய்ச் செய்தி சொன்னது அண்ணன்தான். சொல்லிவிட்டு வீட்டில் வந்து விழுந்து அழுதார். பிறகு அந்தப் பெண்களையே கூட்டி, டெமராராவில் அந்தக் கறுப்பர்கள் கூட்டுச் சேர்ந்தது போல, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு வெட்டினார். இன்றும் அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் காடு விளைகிறது.

அதன்பின் அண்ணனின் கவனம் மாமா பக்கம் திரும்பியது. அடிக்கவில்லை, ஏசவில்லை. சின்னமனூர்ச் சந்தையில் மாமா ஆள் பிடிக்கும் நாளெல்லாம் அண்ணனும் போனார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாமாவின் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அக்கரைச் சீமை இனிக்கும் சீமை என்று மாமா தொடங்கியதும் அண்ணன் பணிவாகச் சேர்ந்துகொள்வார்.

“ஆமாய்யா, மாமா சொல்றது நெசந்தேன். சீனி வெளையுற சீமை. நான் போயிருந்தேன். ரெண்டு வெரல அந்த இனிப்புலதேன் விட்டுட்டு வந்திருக்கேன்.”

கையை நீட்டிக் காட்டுவார். கூட்டம் கலைந்துவிடும். மாமா பல்லைக் கடிப்பார். குடை பிடிக்கும் மருமகனை நாலு பேர் பார்க்க எப்படி விரட்டுவது? உத்தமபாளையம், கம்பம் என்று மாமா சந்தை மாறிப் பார்த்தார். குடையும் கூடவே போனது. கடைசியில் கங்காணித் தொழிலை விட்டார். அந்தப் பழிவாங்கலில் எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே மறைக்கப் போவதில்லை.

அண்ணன் படுக்கையில் விழுந்தபோது மாமா வந்தார்.

“மாப்ள, எல்லாத்தையும் மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. நானும் நிம்மதியாப் போவேன்.”

“எனக்குச் செஞ்சத மறந்துட்டேன் மாமா. அவுகளுக்குச் செஞ்சத மறக்க நான் யாரு? அவுக வீட்டு வாசல்ல போயி நின்னு, பொய் சொல்லி அனுப்புனது நாந்தேன்னு சொல்லுங்க. போதும்.”

மாமா எழுந்து போனார். அந்த வாசல்களுக்கு மட்டும் போகவில்லை. அண்ணன் இறந்த அன்று, மேளத்தோடு கோடித்துணி கொண்டுவந்தார். பிணத்தின் மேல் போர்த்தக் குனிந்தவரின் கையை நான்தான் பிடித்தேன்.

“அங்கன செத்தவுகளுக்குக் கோடி போட ஆளில்ல. மொதல்ல அவுக வாசலுக்குப் போயிட்டு வாங்க மாமா.”

மேளம் நின்றது. அவர் துணியோடு திரும்பிப் போனார். அண்ணன் மாமன் கோடி இல்லாமலே மண்ணுக்குள் போனார்.

படுக்கையில் கிடந்தவரைத் தூக்கிக் கழுவிக் கஞ்சி ஊட்டிய கிணற்றுக்காட்டுப் பெண்களுக்கும், சாகுமுன் எண்ணெய் பூசி அவஸ்தை மந்திரிப்புக் கொடுத்த பங்குச் சாமியாருக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கோடி மடிப்புக் கலையாமல் உங்கள் பெட்டியில் இருப்பதாக அத்தை சொன்னார்கள். பந்தி முடிந்ததும் அந்த வாசல்கள் திறந்துதான் இருக்கும். போக மனமில்லை என்றால் துணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒருநாள் தேவைப்படும். அன்றைக்கு இந்த ஊரில் எந்த வீட்டிலிருந்தும் உங்களுக்குக் கோடி வராது.