தூணில்லாத கோயிலுக்கு முட்டுக் கொடுத்தேன்

சென்ட்ரிங் வேலைக்காரன் நட்டது எதுவும் கட்டடத்துல மிஞ்சாது. கான்கிரீட் இறுகினதும் தாங்கின பலகை, முட்டெல்லாம் பிரிச்சு லாரியில ஏத்தினாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம். பலகை தூக்கித் தோள் காய்ச்சுப்போன கூட்டாளிங்களே, உங்களுக்குத் தெரியாததா?

தூண் எங்க?

கள்ளக்குறிச்சிப் பக்கத்துல புதுசா ஒரு மாதா கோயில். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரெண்டு சீட்டை ஒண்ணுமேல ஒண்ணு சாய்ச்சு நிறுத்தின மாதிரி, தரையிலருந்தே கெளம்புற கான்கிரீட் கூரை. உள்ள ஒரு தூண் கெடையாது. நைனார்பாளையத்துல வூட்டுத் தளமா போட்டுப் பழகினவன் நான். “விழுந்துடாதுங்களா?”ன்னு இன்ஜினியரம்மாவக் கேட்டேன்.

“ஒண்ணையொண்ணு தாங்கிக்கும் மேஸ்திரி. நீங்க பயப்படாம பலகையடிங்க.”

பாதிச் சாமியார்

இடிச்ச பழைய கோயில் ஓட்டுக்கூரை. உள்ள தடித்தடியா ரெண்டு வரிசை தூண். எங்ககிட்ட சித்தாளா இருந்த ஸ்டெல்லாம்மா அந்த ஊர்தான். எந்தத் தெரு எங்க உக்காரணும்னு முன்னல்லாம் வழக்கமாம். அவங்க தெருவுக்குத் தூணுக்குப் பின்னாலதான் எடமாம். அதான் புதுசுல தூணே வாணாம்னு அந்தத் தெரு சனம் கேட்டு வாங்கியிருக்காங்க. அந்தம்மா டீயக் குடிச்சிக்கினே சிரிக்கிறாங்க.

“நாப்பது வருசமா பூசைக்கு வரேன், பாதிச் சாமியாரத்தான் பாத்துருக்கேன்.”

கடைசி முட்டு

பிரிக்கிற அன்னிக்கு நடுவுலருந்து ஒவ்வொரு சவுக்கு முட்டா தட்டியெடுத்தோம். ஒவ்வொண்ணுக்கும் எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. கடைசியும் வந்துடுச்சு. கூரை அசையல! பீடத்துக்குப் பின்னால சுவரும் கூரையும் சேராம ஒரு முழம் சந்து விட்டிருந்தாங்க. அது வழியா வெயிலு வந்து பீடத்து மேல நின்னுச்சு. ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. ஐயோ சாமி, இதையா நாம பண்ணோம்னு வாயப் பொளந்துக்கினு நின்னேன்.

ஆனா பாழாப்போன பயம் வுடல. மறுநாள் உள்ள ஊர்சனம் சேர்ந்து ஜெபம். ஏதாவது ஆயிட்டா? யாருக்கும் சொல்லாம நட்டநடுவுல ஒரே ஒரு முட்ட நிறுத்திட்டு வூட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பார்த்தா, ஸ்டெல்லாம்மா புதுச்சேலையக் கட்டிக்கினு சரியா அதுக்குப் பின்னால உக்காந்திருக்காங்க. கழுத்த இப்பிடியும் அப்பிடியும் வளைச்சு பீடத்தப் பார்க்கிறாங்க. என்னக் கண்டதும் கேட்டாங்க.

“இன்னா மேஸ்திரி, நீங்களும் என் முன்னாடி தூண் நட்டுட்டீங்களே?”

அப்பவே அதை உருவித் தோள்ல போட்டுக்கினு வெளிய வந்தேன். கூரை அதுபாட்டுக்கு நின்னுது, நான் நட்டதுலயே என் பயத்த மட்டும் தாங்கின முட்டு அது ஒண்ணுதான்.